திருமதி நல்

மார்ச் 3

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இன்று அந்த முறையை ஒத்திவைக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் காலையில் வந்த ஓர் உறையை வைத்துக்கொண்டு இன்னும் சமையல்கூட ஆகவில்லை.

தபால்காரர் மாடிப்படி ஏறி வந்தவர், உறையைக் கொடுக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கார்டம்மா, இது உங்களுக்குத்தானா பாருங்க. வீட்டு நம்பர் சரியா இருக்கு. பேருதான் என்னமோ மாதிரி இருக்கு."

என் இடது கண்ணுக்கு அறுவை செய்யப்போகிற மருத்துவமனையின் உறை. 'திருமதி' என்று அச்சடித்து, அதன்பின் உன் அப்பாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், நான்கே எழுத்து. என், யூ, எல், எல். நல்.

கன்னிமாடப் பள்ளியில் மதர் எங்களுக்குச் சொல்லித் தந்தபடி, மணமான நாள் முதல் நான் உறை மேல் என் பெயரை யாரையும் எழுதவிட்டதில்லை. திருமதி, அதன்பின் உன் அப்பா பெயர். அதுதான் என் முகவரி. இந்தத் தெரு முழுக்க என்னைக் கார்டம்மா என்று கூப்பிடுவதும் அவர் ரயிலில் கார்டாக இருந்ததால்தான். நான் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது இவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

அந்தச் சொல் எனக்குப் பழக்கமானது. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாரென்றால் அந்தச் சொல் வரப்போகிறது என்று என் பென்சிலுக்கே தெரியும். 'நல் அண்ட் வாய்ட்' என்பார், செல்லாது என்று பொருள். ஒப்பந்தம் செல்லாது. உயில் செல்லாது. எப்போதாவது ஒருமுறை, இந்தத் திருமணம் செல்லாது. அப்படிச் சொல்லும் நாளில் எதிரே நிற்கிற பெண்ணின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கமாட்டேன். கை எழுதிக்கொண்டே போகும். இப்போது என் உறையின் மேலேயே அந்தச் சொல்! உன் அப்பா போய் ஒரு வருஷம்தான் முடிந்திருக்கிறது. அதற்குள் எங்கள் திருமணம் செல்லாது என்று ஒரு கண் ஆஸ்பத்திரி தீர்ப்பு எழுதிவிட்டதா?

கீழ்வீட்டுத் தையற்காரியிடம் காட்டினேன். "நல்னா நல்லதுதானே கார்டம்மா? நல்லவங்கன்னு போட்டிருக்கான், விடுங்க" என்று பல்லில் நூலைக் கடித்தபடி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உறையை மேசை மேல் குப்புறப் போட்டுவைத்திருக்கிறேன்.

நீ கம்ப்யூட்டரில் இதே மாதிரி வேலைதானே செய்கிறாய்? இது எப்படி நடக்கும் என்று எனக்கு எழுது. தொலைபேசியில் வேண்டாம். என் காதுக்கு உன் குரல் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல் விழுகிறது.

உன் கடிதங்கள் வரவரச் சிறுத்துக்கொண்டே போகின்றன. உறையின் பின்னால் அனுப்புநர் பெயரை இன்னும் பாதிதான் எழுதுகிறாய். அதைப் பற்றி இன்று பேசப்போவதில்லை.

உன்
அம்மா

*

மார்ச் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதலில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். பிறகு நீங்கள் அந்தப் படிக்கட்டில் உறையும் கையுமாக நின்ற கோலம் கண்முன் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

பயப்பட ஒன்றுமில்லை. யாரும் எதையும் தீர்ப்பு எழுதவில்லை. இயந்திரத்துக்குள் ஒவ்வொரு நோயாளியும் பல அறைகள் உள்ள ஒரு வீடு மாதிரி. ஓர் அறையில் பெயர், ஓர் அறையில் வயது, ஓர் அறையில் கண்ணின் பவர். ஓர் இயந்திரம் அந்த வீட்டை இன்னோர் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால், வீட்டைத் தூக்கி அனுப்ப முடியாது அல்லவா? அறை அறையாகப் போய், எந்த அறையில் என்ன இருக்கிறது என்று வரிசையாக எழுத்தில் எழுதி அனுப்பும். இது எங்களிடம் ஜேசன் செய்கிற வேலை. ஜேசனுக்குச் சொந்தமாக மூளை கிடையாது. இருப்பதை இருக்கிறபடி எழுதும். அறை காலியாக இருந்தால் 'நல்' என்று எழுதிவைக்கும். 'இங்கே ஒன்றுமில்லை' என்று பொருள், அவ்வளவுதான். கடிதம் அச்சடிக்கிற இயந்திரம் அதையே பெயர் என்று நினைத்து உறையில் அடித்துவிட்டது.

எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று நாங்கள் விதி போட்டுக் கொடுக்கலாம். நீங்கள் சுருக்கெழுத்தில் நீதிபதியின் நீளமான வாக்கியங்களுக்கு நீங்களாகவே ஒரு கோடு வகுத்து வைத்திருப்பீர்களே, அது மாதிரி. இங்கே அதை எழுதியவர் ஏதோ ஓர் இடத்தில் கவனிக்கவில்லை. அடுத்த முறை போகும்போது கவுண்டரில் சொல்லுங்கள், திருத்திவிடுவார்கள். இதற்குப் போய் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்.

இங்கே குளிர் குறைந்திருக்கிறது. வேலை அதிகம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கண்ணில் மருந்து விடும்போது தையற்காரி அக்காவைக் கூப்பிடுங்கள்.

தங்கள்
மகன்

*

மார்ச் 29

அன்பு மகனுக்கு,

முதலில் ஒரு கேள்வி. இந்த ஜேசன் என்பவன் யார்? அவனுக்கு வயதென்ன? மூளை கிடையாது என்று உடன் வேலை செய்கிறவனைப் பற்றி நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் செய்திருக்கிற காரியத்தைப் பார்த்தால் மறுக்கவும் முடியவில்லை. காலி அறையைப் பார்த்தால் 'இது யாருடைய அறை, ஏன் காலியாக இருக்கிறது' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுத வேண்டாமா? என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்தால் முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

மருத்துவமனைக்கு நேரில் போனேன். கவுண்டரில் ஒரு பெண். தலை நிமிராமலே, "சொல்லுங்க பாட்டி" என்றாள்.

"நான் உனக்குப் பாட்டி இல்லை. என் பெயரைப் பார்த்துக் கூப்பிடு" என்று உறையை நீட்டினேன்.

பார்த்தாள். அவளுக்கே திக்கென்றது. திரையில் தட்டினாள். "வீட்டுக்காரர் தவறிட்டாரா மேடம்?"

"ஆமாம். அவருக்கும் இங்கேதான் கண் பார்த்தோம். இறப்புச் சான்றிதழை நான்தான் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தேன்."

"அதான் மேடம். இறந்துட்டாங்கன்னு நாங்க ஒரு டிக் போடுவோம். போட்டா கம்ப்யூட்டரே அவங்க பேரை எல்லா எடத்துலயும் எடுத்துடும். நாங்க ஒண்ணும் பண்றதில்ல."

"எல்லா இடத்திலும் என்றால்?"

"எல்லா எடத்துலயும்தான். அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க."

மகனே, எனக்கு ஒரு நிமிஷம் காது முழுதாக அடைத்துக்கொண்டது. நீ கவனக்குறைவு என்று எழுதினாய். இது கவனக்குறைவு இல்லை. யாரோ ஒருவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, யோசித்து, 'இறந்தால் பெயரை எடு' என்று விதி எழுதியிருக்கிறான். இறந்தவர் வேறு, இல்லாதவர் வேறு என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லையா? மணமாகாத பெண்ணுக்கு அந்த அறை காலி. எனக்கு எப்படிக் காலி? கோர்ட்டில் இறந்துபோன சாட்சியின் வாக்குமூலம்கூட வழக்குக் கோப்பில் அப்படியே இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் 'காலமானார்' என்று குறிப்போம், தேதி போடுவோம். பெயரைச் சுரண்டி எடுக்கிற வழக்கம் எங்குமே கிடையாது.

அந்தப் பெண்ணிடமே தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே புகார் எழுதிக் கொடுத்தேன். "இத செஞ்ச கம்பெனிக்கு அனுப்பிடுறேன் மேடம்" என்றாள். அந்த விதியை எழுதியவர் யாராயினும் அவர் பெயரிட்டு எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று கடைசி வரியாகச் சேர்த்தேன். வெளியே வரும்போது, "பாத்துப் போங்க மேடம்" என்றாள். நல்ல பெண்தான்.

உன் கடிதத்தை மறுபடி படித்தேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் 'அப்பா' என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை.

உன்
அம்மா

*

ஏப்ரல் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜேசன் ஆள் இல்லை அம்மா. அது ஒரு எழுதும் முறையின் பெயர். உங்கள் சுருக்கெழுத்து மாதிரி அதுவும் ஒரு எழுத்து. நான் தெளிவாக எழுதாதது என் தப்பு. என் பக்கத்து இருக்கைக்காரியிடம் இதைச் சொன்னேன். அன்று முழுவதும் எங்கள் பகுதியில் எது உடைந்தாலும் "ஜேசனை வீட்டுக்கு அனுப்பு" என்றுதான் பேச்சு.

புகாரை அவசரப்பட்டுக் கொடுத்திருக்க வேண்டாம். இந்த மாதிரி விஷயங்கள் தானாகவே சரியாகிவிடும்.

நீங்கள் கேட்டதற்காகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்குள் 'கணவர்' என்று ஓர் அறை. அதைத் திறந்தால் இன்னொரு வீடு. அந்த வீட்டுக்குள் 'மனைவி' என்று ஓர் அறை. அதைத் திறந்தால் மறுபடி நீங்கள். எழுதப் போகிற இயந்திரம் உங்களிலிருந்து அங்கே, அங்கிருந்து உங்களிடம் என்று சுற்றிச்சுற்றி எழுதிக்கொண்டே போய், கடைசியில் மூச்சு முட்டி விழுந்துவிடும். அதனால் எங்கள் வேலையில் எங்காவது ஓர் இடத்தில் அந்தக் கயிற்றை வெட்டித்தான் ஆக வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். எழுதியவர் வெட்டிய இடம் தவறாக இருக்கலாம். அவர் மோசமான எண்ணத்தில் செய்திருக்கமாட்டார். எழுதியவருக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும்.

இனி 'நல்' என்று வராது. காலியாக இருந்தால் அந்த இடத்தையே எழுதாமல் விட்டுவிடும்படி மாற்றுவார்கள் என்று நினைக்கிறேன்.

அறுவை எந்தத் தேதி என்று முடிவாகிவிட்டதா?

தங்கள்
மகன்

*

ஏப்ரல் 24

மகனுக்கு,

இன்று இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன.

முதலாவது மருத்துவமனையிலிருந்து. நீ சொன்னது போலவே 'நல்' இல்லை. 'திருமதி' என்று மட்டும் இருக்கிறது. அதன்பின் ஒரு காற்புள்ளி. போன மாதம் ஒரு தவறான சொல்லாவது இருந்தது. ஏதோ இருந்த இடம் என்றாவது தெரிந்தது. இப்போது அந்த இடமே இல்லை. தபால்காரர் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது என் புகாருக்குப் பதில். அப்படியே எழுதுகிறேன். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு, தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தாங்கள் குறிப்பிட்ட விதியை எழுதியவரே தங்களுக்கு இதன்மூலம் வருத்தம் தெரிவிக்கிறார்.' அதன்கீழ் அச்சில் ஒரு பெயர்.

உன் பெயர்.

நான் வைத்த பெயர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தாளின் தலைப்பில் இருக்கிற கம்பெனியும் உன் கம்பெனிதான். உன் உறைகளில் வருகிற அதே சின்னம். தையற்காரியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு, "நம்ம தம்பியா கார்டம்மா?" என்றாள். நான் தாளை வாங்கி மடித்துவைத்தேன். அவள் கையிலிருந்த ஊசியை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டே போனாள்.

நான் உன் வாடிக்கையாளரா?

'எழுதியவர் கவனிக்கவில்லை.' 'எழுதியவருக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும்.' கூண்டில் நிற்கிறவன் தன்னைப் பற்றியே 'அந்த ஆள்' என்று பேசுவதை எத்தனை முறை எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்திலேயே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எனக்கு வீடு, அறை என்று கதை சொன்னாய். எனக்கு அனுப்புகிற கடிதத்துக்கும் நீ ஒரு விதி போட்டுத்தான் வைத்திருக்கிறாய், இல்லையா? எதை எழுதுவது, எதை விடுவது என்று?

அந்தப் பெயருக்கு முன்னால் உன் அப்பாவின் தலைப்பெழுத்து இல்லை. அதையும் இன்று பேசிவிடுகிறேன். வேலையில் சேர்ந்ததும் உன் அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினாயே, உன் அப்பா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "என் எழுத்தைக் காணோமே. அச்சுல விட்டுப்போச்சு போல. திருத்திக் கொடுப்பாங்க" என்றார். திருத்திய அட்டையின் படம் வரும் என்று அடுத்த தபாலை எதிர்பார்த்தார். உன் உறையில் அனுப்புநர் பெயரும் அப்படியே வந்தது. அதன்பிறகு உன் உறைகளை அவர் கையில் வாங்கியதில்லை. "நீயே படி" என்பார். அவர் உன்மேல் கோபப்பட்டதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்து ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை.

முதலில் உன் பெயரிலிருந்து எடுத்தாய். இப்போது என் பெயரிலிருந்தும். உன் அப்பா உனக்கு என்ன செய்தார்? இதற்கு எனக்குப் பதில் வேண்டும். மூன்றாம் மனிதரின் பதில் வேண்டாம்.

அம்மா

*

மே 8

அம்மா,

அந்தப் பதில் கடிதத்தை நான் எழுதவில்லை. புகார் வந்தால் அது தானாகப் போகும். புகார் எந்த விதியைப் பற்றியதோ அதை எழுதியவரின் பெயர் அடியில் தானாக அச்சாகும். உங்களுக்கு அது போனதே உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரியும். படித்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். கட்டடத்தை எத்தனை முறை சுற்றினேன் என்று தெரியாது.

ஆனால் விதியை எழுதியது நான்தான்.

நீங்கள் தந்தி கொடுத்த மாதிரி நாலே வார்த்தையில் செய்தி அனுப்பியிருந்தீர்கள், போன வருஷம். விடுப்பு கிடைக்கவில்லை என்று உங்களுக்கு எழுதினேன். கொடுத்தார்கள். போய்ப் பெட்டியைக் கட்டு என்றுகூடச் சொன்னார்கள். நான் வழக்கம்போல் இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டேன். வந்தால் ஜன்னலோர நாற்காலியைப் பார்க்க வேண்டும். என்மேல் என்ன கோபம் என்று இனிக் கேட்க முடியாத இடத்தில் போய் என்ன செய்வது என்று இருந்தது.

அந்த வாரம் என் வரிசையில் இருந்த வேலை என்ன தெரியுமா? எங்கோ ஒரு ஊரில் ஓர் அம்மா புகார் செய்திருந்தார்கள். கணவர் இறந்து பல மாதம் ஆகியும், 'நீங்கள் கண் பரிசோதனைக்கு வர வேண்டும்' என்று அவர் பெயருக்கே கடிதம் வந்துகொண்டிருக்கிறதாம். ஒவ்வொரு முறை உறையைப் பார்க்கும்போதும் செத்துப் பிழைக்கிறேன் என்று எழுதியிருந்தார்கள். இனி அப்படி ஒரு கடிதம் யாருக்கும் போகக் கூடாது, அதுதான் வேலை. நான் உங்களை நினைத்துக்கொண்டேன். நீங்களும் அதே மருத்துவமனைதான். அங்கே எங்கள் மென்பொருள்தான் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு உறை உங்கள் கைக்கு வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அதற்காக, இறந்தவர் என்று குறித்தால் அந்தப் பெயரை எங்குமே எழுதாதே என்று விதி போட்டேன். எங்குமே என்றதில் உங்கள் பெயரும் மாட்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இங்கே யாரும் கணவர் பெயரால் உறை எழுதுவதில்லை. உங்களைப் போல் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதை மறந்தேன் என்று சொல்லமாட்டேன். உங்களையே மறந்திருக்கிறேன்.

தலைப்பெழுத்து விஷயம். வேலையில் சேர்ந்த அன்று பெயரை இயந்திரத்தில் நாமே பதிய வேண்டும். தலைப்பெழுத்தைப் போட்டேன், புள்ளியும் வைத்தேன். 'பிழை' என்றது. மறுபடி போட்டேன். மறுபடி 'பிழை'. பெயரில் புள்ளி வரக் கூடாதாம். ஒற்றை எழுத்து பெயராகாதாம். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். எடுத்துவிட்டேன். அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதிப் பழகிவிட்டது. இவ்வளவுதான் அம்மா. இதற்குமேல் காரணம் எதுவும் கிடையாது. அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அந்த அட்டையைக் கவிழ்த்தே வைத்திருக்கிறேன்.

நான் எழுதிய விதியை இன்று எடுத்துவிட்டேன். சரியான விதியை எழுதும்வரை பழையபடி இருக்கும்.

மகன்

*

மே 21

அன்பு மகனுக்கு,

ஒரு புள்ளிக்காகவா?

உன் கடிதத்தைப் படித்து இதைத்தான் நான் முதலில் வாய்விட்டுச் சொன்னேன். இத்தனை வருஷம் நான் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். ரயில் கார்டின் மகன் என்று சொல்ல உனக்கு அங்கே கூச்சம் என்று நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார், என்னிடம் சொல்லவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இங்கே நடந்தது என்னவென்றால், ஓர் இயந்திரத்துக்குப் புள்ளி பிடிக்கவில்லை. உன் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறேன். கோபமா, ஆறுதலா என்று தெரியவில்லை.

அதற்குமேல் ஒன்று நடந்தது. நீ விதியை எடுத்துவிட்டாய் அல்லவா? நேற்று அந்த உறை வந்துவிட்டது.

நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். தபால்காரர் பாதிப் படியில் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். மேலே உன் அப்பாவின் பெயர். முன்னால் 'திருமதி' இல்லை, 'திரு' என்று. முழுப் பெயர், தலைப்பெழுத்து, புள்ளி, எல்லாம் அதனதன் இடத்தில். 'தாங்கள் கண் பரிசோதனைக்கு வர வேண்டிய காலம் ஆகிவிட்டது.'

மகனே, நான் திரும்பி நின்று, மாடியைப் பார்த்து, "ஏங்க, உங்களுக்குத்தான் லெட்டர்!" என்று கூப்பிட்டேன்.

சத்தமாகக் கூப்பிட்டேன். எனக்குக் காது கேட்காததால் எவ்வளவு சத்தம் என்று தெரியாது. தையற்காரி மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள் என்றால் பார்த்துக்கொள். அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். "மறந்துட்டீங்களா கார்டம்மா?" என்றாள். "இல்லை. நல்லா ஞாபகம் இருந்தது. அதனால்தான் கூப்பிட்டேன்" என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியாது. பக்கத்தில் அவளும் உட்கார்ந்துகொண்டாள். கீழே அவள் மிஷினில் யாருடைய சட்டையோ பாதிக் கையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

எந்த உறை என் கைக்கு வரக் கூடாது என்று நினைத்தாயோ அது வந்துவிட்டது. அது எப்படி இருக்கும் என்று நீ பயந்தாயோ அப்படியேதான் இருந்தது. நான் உடைந்துவிடவில்லை. ஆனால் அந்த ஊர்பேர் தெரியாத அம்மா எழுதியது சத்தியம். இன்னொரு முறை எனக்கு அது வேண்டாம். எனக்காக யோசித்தாய் என்பது இப்போது தெரிகிறது. என்னைக் கேட்டிருக்கலாம். அதுதான் நீ செய்த தப்பு, விதியில் அல்ல.

ஆகையால், இப்போது கேட்டதாக வைத்துக்கொண்டு எழுது. நான் சொல்லச்சொல்ல எழுதிக்கொள்கிறவன் போல எழுது. இறந்தவருக்குக் கடிதம் அனுப்பாதே. ஆனால் அவர் பெயரை அழிக்காதே. அது இருக்கும் இடத்தில் இருக்கட்டும். பக்கத்தில் போன தேதியைப் போடு. மனைவி தன் பெயருக்கு அவர் பெயரை வைத்திருந்தால், அது அவளுடையது; அதை எடுக்க உனக்கு அதிகாரம் இல்லை. அவளாக எடுக்கச் சொன்னால் எடு. ஒருவன் தன் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால் வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள். கயிற்றை எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும் என்று எழுதினாய். எங்கே வேண்டுமானாலும் வெட்டு, பெயரில் வெட்டாதே.

அறுவை ஜூன் 14 என்று முடிவாகிவிட்டது. ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். உடன் வருபவர் பெயர், நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கிறது. தையற்காரி, "நான் வர்றேன் கார்டம்மா, எம் பேரப் போடுங்க" என்கிறாள். அந்த இடத்தை இன்னும் எழுதாமல் வைத்திருக்கிறேன். எழுதாமல் விட்டால் உன் ஜேசன் என்ன எழுதுவான் என்று எனக்குத் தெரியும்.

உன்
அம்மா

*

ஜூன் 1

அன்புள்ள அம்மாவுக்கு,

அந்த இடத்தில் என் பெயரை எழுதுங்கள். தலைப்பெழுத்தோடு எழுதுங்கள். உறவு என்ற இடத்தில் மகன்.

பன்னிரண்டாம் தேதி மதியம் வந்து சேர்கிறேன். இந்த முறை விடுப்பு கேட்டேன், கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் சொன்னபடியே விதியை எழுதி முடித்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. எழுதி முடித்தால் ஒரு பெயரைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் வழக்கமாக ஏதாவது பொய்ப் பெயர் கொடுப்போம். நான் அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அப்பாவுக்குக் கடிதம் போகவில்லை. உங்கள் உறையில் அப்பாவின் பெயர் சரியாக வந்தது, புள்ளியோடு. பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்து, "யார் இது?" என்றாள். "எங்கப்பா" என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டுவதை, கொடியை அசைக்கும் முன் என்னை ஒருமுறை பார்ப்பதை, எல்லாம் சொன்னேன். அம்மா, இங்கே வந்ததிலிருந்து யாரிடமும் நான் அப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லை என்பது பேசும்போதுதான் தெரிந்தது.

உறையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

தங்கள்
மகன்

*

ஜூன் 12

(கதவில் ஒட்டியது)

அன்பு மகனுக்கு,

மணியை அடிக்காதே, எனக்குக் கேட்காது. கதவு சும்மாதான் சாத்தியிருக்கிறது. தள்ளிக்கொண்டு வா. பெட்டியைக் கீழே தையற்காரியிடம் வைத்துவிட்டு வந்தாலும் சரி. அவள் காலையிலிருந்து உனக்காக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதைப் பார்க்க எனக்குத்தான் கழுத்து வலிக்கிறது. நான் உள்ளே கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருப்பேன். கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது. அதனால் தோளைத் தொட்டு, வந்துவிட்டேன் என்று சொல். திடுக்கிடமாட்டேன். இந்த வருஷத்துக்கு வேண்டியமட்டும் திடுக்கிட்டாயிற்று.

மருத்துவமனைத் தாளில் உன் பெயரை எழுதிவிட்டேன். மேசை மேல் இருக்கிறது, சரிபார். பக்கத்தில் நேற்று வந்த உறையும் இருக்கிறது. திருமதி, உன் அப்பா பெயர். நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறேன்.

உன் உறையைத் திருப்பிப் பார்த்தேன். ஜன்னலோர நாற்காலியில் அவர் வைத்துப் பார்க்கும் அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து இருக்கிறது. புள்ளியும் இருக்கிறது. ஆனால் எழுத்தைவிட்டுத் தள்ளிப் போய், தனியாக எங்கோ நிற்கிறது. சுருக்கெழுத்தில் புள்ளி இடம் மாறினால் சொல்லே மாறிப்போகும். புள்ளி எழுத்தை ஒட்டியே இருக்க வேண்டும். பேனா மேசை மேல் இருக்கிறது. அதைத் திருத்திவிட்டு என்னைக் கூப்பிடு.

உன்
அம்மா